காயில் கட்டும் கடையில் ஒரு சில்லு

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

நம் வட்டாரத்தில் விடிந்தது முதல் அடையும்வரை நம்மோடு கூடவே உழைக்கின்ற ஒன்று உண்டென்றால் அது மின் மோட்டார்தான். மாவு அரைக்கும் கிரைண்டரில் அது இருக்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் கதிர்களைச் சுழற்றுவதும், சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளை ஓட்டுவதும், மலையடித் தோப்புகளில் மாவுக்கும் தென்னைக்கும் நீர் இறைப்பதும் அதுவே. ஆயினும் அது ஓடுகின்றவரையில் அதனை நினைப்பார் யாருமில்லை. நின்றுபோன பிறகுதான் நினைக்கிறோம். அப்படி நின்றுபோன மோட்டார்களை நினைப்பதையே தொழிலாகக் கொண்ட வீட்டில் பிறந்தவள் நான். என் தந்தையார் ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர்.

காயில் கட்டுவது என்றால் என்ன என்று தோழியர் பலர் கேட்டிருக்கிறார்கள், ஆகையால் சொல்லிவிடுகிறேன். எரிந்துபோன மோட்டார் மொபெட்டின் பின்னால் கயிற்றால் கட்டப்பட்டுக் கடைக்கு வரும். மூடியைக் கழற்றியதும் ஒரு வாடை எழும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய கம்பியை வெட்டி எடுப்பதற்குமுன் எத்தனை பள்ளம், ஒரு கட்டுக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்தப் பள்ளத்தில் நுழைந்து எந்தப் பள்ளத்தில் வெளிவருகிறது என்பதையெல்லாம் எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் பிறப்பதற்குமுன் தொடங்கிய நோட்டு ஒன்று இன்னும் கடையில் இருக்கிறது. பிறகு லெதராய்டு காகிதத்தைப் பள்ளங்களில் மடித்து வைத்து, எனாமல் பூசிய புதுச் செம்புக் கம்பியை மர அச்சில் சுற்றி, ஒவ்வொரு இழையாக உள்ளே இறக்கி, மூங்கில் பட்டை அடித்து, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் என்றால் எனாமல் கம்பி ஆகாது. பாலி உறை போட்ட கம்பி வேண்டும். அதற்கு நேரமும் பொறுமையும் இருமடங்கு.

எரிந்த காயிலைப் பார்த்தே எப்படி எரிந்தது என்று அப்பா சொல்லிவிடுவார். எல்லாக் கட்டும் ஒரே மாதிரி கருகியிருந்தால் தாங்க முடியாத சுமை. சில கட்டுகள் கரியாகி, அவற்றுக்கு இடையிடையே சில கட்டுகள் அன்று கட்டியதுபோலப் பளபளவென்று இருந்தால், "ஒரு பேஸ் போயிருச்சு" என்பார். கடைக்கு வருகிற மோட்டார்களில் இந்த இரண்டாம் வகையை நான் கண்டது அதிகம்.

இதன் காரணத்தைச் சொல்வதற்கு மோட்டாரின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். நிக்கோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவத்தில்தான் நம் கிணற்றடி மோட்டாரும் இன்றுவரை சுழல்கிறது. மூன்று பேஸ் மின்சாரம் மூன்று கட்டுக் காயில்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகிறது. அதனால் காந்தப்புலம் உள்ளே சக்கரமாகச் சுற்றுகிறது. நடுவிலுள்ள ரோட்டார் அதைப் பிடிக்க ஓடுகிறது. ஆனால் ஒருபோதும் பிடிப்பதில்லை. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாருக்குள் புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். ரோட்டார் ஏறத்தாழ 1440 முறை சுற்றும். இந்தச் சிறு பின்தங்கலில்தான் அதன் வலிமையே பிறக்கிறது. பேஸ் ஒன்று ஃபியூஸ் போய் அறுந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. உறுமிக்கொண்டே ஓடும். மூவர் தூக்கிய சுமையை இருவர் தூக்குகிறார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சாதாரணமாக ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்குமானால், மீதியுள்ள இரண்டு பேஸ்களிலும் அது 13 ஆம்பியருக்கு ஏறிவிடும். தோப்பில் ஆள் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அளவுக்கு மேல் மின்சாரம் போனால் நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். நல்ல மோட்டாரும் கிளம்பும் வேளையில் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலையைவிட்டுக் கிளம்புவதை நாம் பார்த்திருக்கிறோம். வடம் பிடித்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து இழுப்பதும், பின்னால் நெம்புவதும், அசையாமல் நிற்கிற தேர் ஓர் அசைவு அசைந்ததும் எழுகிற குரலும் ஊரறிந்தவை. அசைந்த பிறகு அவ்வளவு வலு வேண்டியதில்லை. உவமை முற்றும் பொருந்தாது. மோட்டாரில் உராய்வைவிட, சுழலாத ரோட்டாருக்கு எதிர் மின்னழுத்தம் இல்லாமையே காரணம். எனினும், முதல் இழுப்பைக் கண்டு அஞ்சக்கூடாது, நெடுநேர இழுப்பைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. இந்த வேறுபாட்டை அறிந்து நடக்க ஒரு சிறு மூளை தேவைப்படுகிறது.

அந்த மூளைதான் மைக்ரோ கண்ட்ரோலர். நம் இயற்பியல் ஆய்வகத்திலுள்ள 8085 பெட்டியை யாவரும் அறிவோம். அது நுண்செயலி, நினைவகத்தையும் உள்ளீடு வெளியீட்டு வழிகளையும் வெளியே தனியாகக் கொடுக்க வேண்டும். இவையெல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கியது மைக்ரோ கண்ட்ரோலர். 1974-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 வந்தது. 1980-இல் இன்டெல் 8051 வந்து உலகையே ஆண்டது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென்றே உருவான ஆர்டுயினோ அட்டை இன்று நம்மைப் போன்றவர்களின் கைக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறது. அதிலுள்ள ஏடிமெகா 328 என்ற சில்லு விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் துடிக்கிறது. நம் மின்சாரம் ஓர் அலை அலைந்து முடிக்க 20 மில்லி விநாடி ஆகிறது. அந்த ஓர் அலைக்குள் சில்லுக்கு 3,20,000 துடிப்பு! மூன்று பேஸையும் மாறி மாறி அளந்தாலும் ஒவ்வோர் அலையிலும் ஒரு பேஸுக்கு அறுபது அளவுகள்வரை எடுத்துவிடலாம். மோட்டாரின் அவசரம் சில்லுக்கு ஓய்வு நேரம் எனலாம்.

பெரிய இடங்களில் இந்த மூளை எப்போதோ வேலைக்குச் சேர்ந்துவிட்டது. என் சித்தப்பா நூற்பாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். ராஜபாளையம் மில்லை பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கியதிலிருந்து நூல் தொழில் இவ்வூரின் உயிர்நாடியாக இருந்து வருகிறது. ரிங் பிரேமில் பாபின் அடியில் நூல் ஏறத் தொடங்கும்போதும், நிறைந்து முடியும்போதும் நூலின் இழுவிசை கூடுகிறது. அப்போது முழு வேகத்தில் ஓட்டினால் நூல் அறும். அறுந்த நூலைப் பிணைக்க சைடர் பெண்கள் அங்குமிங்கும் ஓட வேண்டும். அந்நாளில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் புல்லியை மாற்ற வேண்டும். ஓடும்போது மாற்றுவது எப்படி? இப்போது இன்வெர்ட்டர் டிரைவ் இருக்கிறது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, பிறகு துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸில் புதிய மூன்று பேஸாக்கித் தருகிறது. எந்தக் கணத்தில் வெட்டுவது, எவ்வளவு அகலமாக வெட்டுவது என்று கணக்கிடுவது உள்ளே இருக்கும் சில்லு. ஹெர்ட்ஸைப் பாதியாக்கினால் வோல்ட்டையும் பாதியாக்க வேண்டும்; 50-க்கு 415 என்றால் 25-க்கு 207 அளவில். இல்லாவிட்டால் இரும்பு நிறைந்து காயில் சூடேறும். பாபின் அடியில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மறுபடி மெதுவாக என்று ஓட்டத் திட்டம் ஒன்றை அதில் எழுதி வைத்துவிட்டால் போதும்.

"இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டி, காயிலை மட்டும் குத்திவிடுது" என்பது அப்பாவின் விமரிசனம். இன்வெர்ட்டரில் ஓடிய மோட்டார்கள் சில, மற்ற இடமெல்லாம் நன்றாயிருக்க, கட்டின் முதல் சுற்றுகளில் மட்டும் ஓட்டை விழுந்து வருவதை அவர் கவனித்திருக்கிறார். வெட்டிய மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுவதால் முதல் சுற்றுகளே அடியைத் தாங்குகின்றன என்று பாடநூலில் நான் படித்தேன். அவர் படிக்கவில்லை, பார்த்தார்.

இவ்வாண்டு செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டபோது, எங்கள் குழு நால்வரும் மைக்ரோ கண்ட்ரோலரால் மோட்டாரைக் காக்கும் கருவி ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்தோம். பொம்மை வண்டியின் சின்ன மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவது எளிது; மதிப்பெண்ணும் கிடைக்கும். எங்களுக்கு அதில் மனம் செல்லவில்லை. பேஸ் தடுப்புக் கருவிகள் கடைகளில் விற்காமலில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் அடிக்கடி நிறுத்துகிறதென்று சலித்து, பலர் அதை விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லுகிற கருவியாக இருந்தால் யாரும் பிடுங்கிப் போட மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

வீட்டில் இதைச் சொன்ன அன்று இரவு அம்மா சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்.

"மோட்டார் எரியலைன்னா கடைக்கு என்ன வரும் பாப்பா? அப்பா சோத்துல மண்ணள்ளிப் போடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனோம்?"

விளையாட்டாகச் சொன்னதன்று. கடைக் கணக்கை எழுதுபவர் அவர். என் பஸ் செலவும் புத்தகமும் எரிந்த மோட்டாரிலிருந்து வந்தவை என்பதை என்னைவிட அவர் நன்றாக அறிவார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"ஒரு பேஸ் போனா எத்தனை நொடியில நிறுத்தும்?"

"ரெண்டு நொடியிலப்பா."

"சரி. தண்ணி இல்லாம ஓடுனா?"

அதை நாங்கள் நினைத்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அவரே சொல்லத் தொடங்கினார். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். போரில் நீர்மட்டம் இறங்கிப் பம்பு காற்றை இழுத்தால் சுமை குறைந்து மின்சாரமும் குறையும். ஏழரை எடுப்பது ஐந்துக்கும் கீழே வரும். கூடினால் நிறுத்தும் கருவி இதைக் கண்டுகொள்ளாது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அய்யனார் கோயில் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவருக்குச் சென்ற கோடையில் இரண்டு முறை மோட்டார் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் ஆள் கூட்டிக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மோட்டாரைக் கொண்டுவந்து, காயில் கட்டி, மறுபடி இறக்க வேண்டும். சப்பட்டை மாம்பிஞ்சு பிடித்திருந்த சமயம். தண்ணீரில்லாமல் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிட்டது.

"ரெண்டாந்தடவை அண்ணாச்சிக்கிட்டக் கூலி வாங்கும்போது எனக்கே கை கூசுச்சு" என்றார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, "எரிஞ்சாத்தானா வேலை? பேரிங் தேயாதா, புஷ் போகாதா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல் மாலையில் கடையின் ஒரு மூலை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

கருவியின் அமைப்பு மிக எளிது. மூன்று பேஸ் கம்பிகளும் மூன்று சிறு மின்மாற்றி வளையங்களின் ஊடே செல்லும். ஓடும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வளையத்தில் கிடைக்கும், 7.5 ஆம்பியருக்கு 7.5 மில்லி ஆம்பியர். அதை 100 ஓம் மின்தடையில் விட்டால் முக்கால் வோல்ட். சில்லு அளக்க அது போதும். சில்லின் கட்டளைக்குத் திறந்து மூடும் ரிலே ஒன்றை ஸ்டார்ட்டரின் நோவோல்ட் காயிலோடு தொடராக இணைத்தோம். ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருந்த சுமைக் காப்பைக் கழற்றவில்லை; அது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. பேஸ் போனால் சிவப்பு விளக்கு, சுமை கூடினால் மஞ்சள், தண்ணீர் இல்லையென்றால் நீலம். கிளம்பும்போது முதல் ஐந்து விநாடி கூடுதல் மின்சாரத்தைச் சில்லு பார்த்தும் பாராததுபோல் இருக்கும்; ஆனால் பேஸ் ஒன்று இல்லையென்றால் அந்த ஐந்து விநாடிக்கும் காத்திராது.

தண்ணீர் இல்லாமல் நின்ற மோட்டாரை மறுபடி எப்போது ஓட விடுவது? பாடநூலில் இதற்கு விடை இல்லை. அப்பா தோப்புக்காரரைக் கேட்டு வந்தார். அந்தப் போரில் ஊற்று ஊறி மேலே வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். நிரலில் அந்த இடத்தில் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன். அந்த நிரலில் நான் எழுதிய எண்களிலேயே நிலத்தடியிலிருந்து வந்த எண் அது ஒன்றுதான்.

சொன்னால் சிரிப்பீர்கள், அன்றுமுதல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழியில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்தாலும் எனக்கு ஆம்பியர்தான் நினைவுக்கு வருகிறது. பால் சுண்டச் சுண்டக் கரண்டி கனக்கிறது. பதம் வந்துவிட்டதென்று கிண்டுகிறவரின் கைக்குத் தெரிகிறது. மோட்டார் வைத்துக் கிண்டினால் அந்தக் கனம் மின்சாரத்தில் தெரியும். சில்லு அடுப்பை அணைத்துவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்துக்கு இப்படி ஒரு வேலை செய்யலாமா என்று குழுவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழியிடம் கேட்டேன். "எங்க ஊருப் பால்கோவாவ விட்டுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கடையில் முதன்முறை ஓட்டிப் பார்த்தபோது வேடிக்கை ஒன்று நடந்தது. ஒரு பேஸைப் பிடுங்கியதும் சில்லு சரியாக இரண்டாம் விநாடியில் நிறுத்தியது. நிறுத்திய மறுகணமே, தான் யாரென்பதே மறந்ததுபோல், எல்லா விளக்கையும் ஒருமுறை மின்ன வைத்துப் புதிதாகத் தொடங்கியது! அப்பா மெல்லச் சிரித்தார். "காயில் சும்மா போகாது பாப்பா. விடும்போது ஒரு உதை உதைச்சிட்டுத்தான் போகும்." காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று அறுத்தால் அது எதிர்த்து உயர் மின்னழுத்தமாகப் பொங்கும் என்ற லென்ஸ் விதியை மூன்று தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். அதை உதை என்று கேட்டது அன்றுதான். கண்டாக்டர் காயிலின் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் தொடராகப் போட்டோம். சில்லுக்கும் ரிலேவுக்கும் இடையே ஒளியால் மட்டும் செய்தி போகும் ஆப்டோ கப்ளரை வைத்தோம். மின்சாரமே போனாலும் அழியாத நினைவகத்தில், கடைசியாக ஏன் நின்றது என்பதைச் சில்லு எழுதி வைக்குமாறு செய்தோம். பிறகு எத்தனை முறை பிடுங்கினாலும் அது மறக்கவில்லை.

தை மாதம் அந்தப் பெட்டி மாந்தோப்பில் ஏறியது. பங்குனி முடியும்வரை நான்கு முறை நிறுத்தியிருக்கிறது. மூன்று முறை நீலம், ஒருமுறை சிவப்பு. சிவப்பு எரிந்தது நள்ளிரவுக்குப் பிறகு. யானை இறங்கும் காலமாதலால் அவ்வேளையில் தோப்புக்குள் போக யாரும் துணிய மாட்டார்கள். காலையில் போன தோப்புக்காரர் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போடச் சொல்லிவிட்டு, அப்படியே கடைக்கு வந்து ஒரு பை நிறைய மாங்காயை வைத்துவிட்டுப் போனார். மோட்டார் இன்னும் குழிக்குள்ளேயே இருக்கிறது. துறைப் பேராசிரியர் நேரில் வந்து பார்த்து, வளையங்களின் அளவு வேறுபாட்டை இன்னும் நுட்பமாகத் திருத்தச் சொல்லியிருக்கிறார். அந்த வேலை நடக்கிறது.

இப்போது சத்திரப்பட்டித் தறிக்காரர் ஒருவர் தம் தறி மோட்டார்களுக்கு இரண்டு பெட்டி கேட்டிருக்கிறார். அவை 1 குதிரைத்திறன் மோட்டார்கள். இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. வளையத்தில் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி அளந்துகொள்ளலாம். அப்பா பழைய நோட்டில் பள்ளம், சுற்று, கேஜ் என்ற வரிசைகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டு, "நிறுத்தும் ஆம்பியர், மேல், கீழ்" என்று தம் கையால் எழுதியிருக்கிறார். பெட்டிக்கு என்ன விலை வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை. சாமான் விலையும் கூலியும் போதுமென்கிறார் அப்பா. எரியாமல் போகிற மோட்டார்களின் காயில் கூலியில் ஒரு பங்காவது அதில் சேர வேண்டுமென்று அம்மா கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். தறிக்காரர் திங்கட்கிழமை வருகிறார்.